துச்சில்: பெங்களூர் வாடகை வீடுகளின் வரலாறு

புக்கில், துச்சில் எனத் தமிழில் இரு பழஞ்சொற்கள் உண்டு. புகுந்தபின் நீங்காது உறைதற்குரிய நிலையான இல்லம் புக்கில் எனப்படும். பிறருக்குரிய மனையில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில் எனப்படும். நிலையாமையை உணர்த்த வந்த திருவள்ளுவர், உடம்பினுள் தங்கியிருக்கும் உயிரின் நிலையை விளக்க, இவ்விரு சொற்களையும் ஒரே குறளில் எதிரெதிர் நிறுத்தினார். பிறர் வீட்டில் ஒண்டியிருப்போரின் மனத்தவிப்பை அறியாத ஒருவர் அவ்வுவமையைக் கையாண்டிருக்க இயலாது என்றே தோன்றுகிறது.

பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அக்குறளின் பொருளை எடுத்துச் சொல்ல உரையாசிரியர் எவரும் தேவையில்லை. நம்முள் பெரும்பாலோர் துச்சிலில் தொடங்கியவர்கள். அவருட் சிலர் நாளடைவில் ஒரு சைட்டு வாங்கி, கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து, மேல்தளத்தை மற்றொருவருக்கு வாடகைக்கு விடும் நிலையை எய்தினர். வாசலில் நின்று வீடு கேட்டவரின் மக்கள், வாசலுக்கு உள்ளே நின்று விடை சொல்பவராயினர். இந்த மாற்றத்தின் வரலாற்றை நோக்குவதும், அதனால் நமக்கு நேர்ந்துள்ள கடமையை எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாதரி தந்த மனை

வேற்றூரிலிருந்து வந்தோர்க்கு வீடு தருதல் தமிழ் இலக்கியத்தில் சிறிய செய்தியன்று. புகாரிலிருந்து மதுரை வந்த கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குத் தனிமனை ஒன்றைத் தந்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். கோவலன் கொலையுண்டான் என்பதை அறிந்தபின், தன்னிடம் வந்த அடைக்கலத்தைக் காவாது இழந்தேனே என்று தீப்புகுந்து மாய்கிறாள். அங்கே கூலியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. வந்தவர் நலனுக்கு மனைக்குரியவள் பொறுப்பாளி என்னும் எண்ணம் ஒன்றே உண்டு.

வாழ்க்கை காப்பியமன்று. வீட்டைக் கட்டியவருக்குக் கடன் உண்டு, வரி உண்டு, முதுமைக்கு வேறு வருவாய் இல்லாத நிலையும் உண்டு. ஆகவே அடைக்கலத்தின் இடத்தில் குடிக்கூலி வந்தது. வாடகை என்னும் சொல் எங்கும் வழங்கும் முன்னர், வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குடிக்கூலி என்றே நம் முன்னோர் குறித்தனர். கன்னடத்தில் இதனைப் பாடிகெ என்பர். நம் வாடகைக்கு அது நெருங்கிய உறவு. நாம் மனை என்பதை அவர்கள் மனெ என்பர். இருமொழியாளரும் ஒரே கூரையின்கீழ்க் கூடிய நகரில் சொற்களும் ஒண்டிக் குடியிருந்தன போலும்.

பேட்டையும் தண்டும்

1537ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் அமைத்த கோட்டையும் பேட்டையுமே பெங்களூரின் கரு. சிக்கப்பேட்டை, தொட்டப்பேட்டை, நகரத்தப்பேட்டை, திகளரப்பேட்டை எனத் தொழிலாலும் குடியாலும் பெயர்பெற்ற தெருக்களில் கடையும் வீடும் ஒன்றாக இருந்தன. முன்புறம் வாணிகம், பின்புறம் வாழ்க்கை என்பது அங்கே அமைப்பு.

நம்மவர் பெருந்தொகையாக வந்த காலம் பிற்பட்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டு, அல்சூருக்கு அருகே கண்டோன்மெண்ட் எழுந்தது. கன்னட மக்கள் அதனைத் தண்டு என்றனர். தண்டு எனில் படை. தமிழுக்கும் அச்சொல் உரியதே. படையோடு சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தனார், தச்சர், குதிரை பேணுவோர், சரக்கு வணிகர் எனப் பலர் வடார்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்தனர். அல்சூரும், பிற்காலத்தில் சிவாஜிநகர் எனப் பெயர் மாறிய பிளாக்பள்ளியும் அவர்தம் உறைவிடங்களாயின. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறந்தபின், வருவோர் தொகை மேலும் பெருகிற்று.

தண்டில் இருவகை வாடகை வீடுகள் அக்கம்பக்கமாக இருந்தன. பரந்த காம்பவுண்டுக்குள் ஓங்கி நின்ற பங்களாக்களை ஆங்கில அதிகாரிகள் வாடகைக்கு எடுத்து வாழ்ந்தனர். 1896இல் இளம் படையதிகாரியாக இந்நகருக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில், நண்பர் இருவரோடு சேர்ந்து அத்தகைய பங்களா ஒன்றில் குடியிருந்தார் என்பதை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அப்பங்களாக்களின் பின்புறத்திலும், பிளாக்பள்ளியின் நெருக்கமான சந்துகளிலும், அவர்களுக்குப் பணிபுரிந்தோர் ஓரறை வீடுகளில் தங்கினர்.

அக்காலத் தமிழருள் கட்டடத் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1868இல் நிறைவுற்ற அட்டாரா கச்சேரியை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் அவரே. ஈட்டிய பொருளைக் கொண்டு 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவியமையால் இன்றும் அவர் பெயர் நிலைத்துள்ளது. அரசின் பதினெட்டு அலுவலகங்களுக்காக எழுந்த அச்செந்நிற மாளிகை இன்று கர்நாடக உயர்நீதிமன்றம். வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடியிருப்போருக்கும் எழுந்த எத்தனையோ வழக்குகள் அதன் படியேறி முடிவுற்றன. தமிழர் ஒருவர் எழுப்பிய சுவர்களுக்குள், ஓரறை வீட்டுக்காக வாதாடிய தமிழர் எத்தனை பேர் நின்றனரோ!

பிளேகு கற்பித்த பாடம்

1898இல் பெங்களூரைப் பிளேகு நோய் தாக்கியது. நகர் பேட்டையிலும் தண்டிலும் நெருக்கமான தெருக்களில் மரணம் மலிந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளும், எலி குடிகொண்ட சுவர்களும் நோய்க்கு இடமளித்தன என்பதை அரசினர் உணர்ந்தனர். முன்னரே திட்டமிடப்பட்ட பசவனகுடியும் மல்லேசுவரமும் விரைந்து வளர்ந்தன. தண்டின் பக்கத்தில் பிரேசர் டவுன் எழுந்தது. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நகராட்சிப் பொறியாளர் ஸ்டீபன்ஸ், பிளேகு அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். எலி நுழையாத அடித்தளம், வீட்டுக்கு வீடு இடைவெளி, பின்புறச் சந்து ஆகியவை புதிய ஒழுங்காயின.

வீட்டு வாடகையின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். ஒருவருக்கு வாடகைக்கு விடும் அறை எப்படி இருத்தல் வேண்டும் என்பது சொந்தக்காரரின் விருப்பம் மட்டும் அன்று, ஊரின் உயிரோடு தொடர்புடையது என்பது அன்று வெளிப்பட்டது. ஆயினும் நல்ல வீட்டுக்கு நல்ல வாடகை வேண்டும். அதனைக் கொடுக்க இயலாதோர் பழைய சந்துகளிலேயே தங்கினர். இடம் விரிந்தபோதும், எளியோர்க்குரிய இடம் அதே வேகத்தில் விரியவில்லை.

பேட்டையிலும் புதிய பகுதிகளிலும் எளியோர்க்கென்று எழுந்தது வடாரம் என்னும் அமைப்பு. நடுவே ஒரு முற்றம். அதன் இருபுறமும் அல்லது மூன்று புறமும் ஓரறையும் அடுப்பங்கரையும் கொண்ட வீடுகள். எல்லோர்க்கும் பொதுவான குழாய், கழிப்பிடம், துணி துவைக்கும் கல். சென்னையில் இதனையே ஒண்டுக்குடித்தனம் என்றனர். சொந்தக்காரர் பெரும்பாலும் முன்பக்க வீட்டில் இருப்பார். யார் எப்போது தண்ணீர் பிடிப்பது, இரவில் வெளிவாசற் கதவை யார் தாழிடுவது, முற்றத்தை யார் பெருக்குவது என்பவை நாள்தோறும் எழும் சிக்கல்கள். ஒரே முற்றத்தில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒலித்தன. பெங்களூர்த் தமிழர் பலர் நான்கு மொழி பேசக் கற்ற பள்ளிக்கூடம் அம்முற்றமே.

போர் தந்த நெருக்கடியும் சட்டமும்

வாடகையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் வழக்கம் இந்நாட்டில் போர்க்காலத்தின் குழந்தை. முதல் உலகப்போரின் முடிவில், 1918இல், பம்பாயில் முதன்முதலாக இத்தகைய சட்டம் பிறந்தது. இரண்டாம் போரின்போது, 1941இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது.

பெங்களூரின் நெருக்கடிக்குப் போரும் தொழிலும் சேர்ந்து காரணமாயின. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றிற்று. விடுதலைக்குப்பின் 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் எழுந்தன. 1941இல் நான்கு லட்சமளவில் இருந்த மக்கள்தொகை 1951இல் ஏழே முக்கால் லட்சத்தை எட்டியது. பத்தே ஆண்டுகளில் ஊர் ஏறத்தாழ இருமடங்காயிற்று. வீடுகள் அவ்வாறு பெருகவில்லை. 1947இல் தண்டு மைசூர் அரசிடம் திரும்ப வந்தது. 1949இல் தண்டையும் பேட்டையையும் இணைத்து ஒரே மாநகராட்சி அமைந்தது. அதன்பின் வாடகைக்கும் ஒரே சட்டம் வேண்டியதாயிற்று.

மைசூர் அரசு 1951இல் வீட்டு வாடகை, இட ஒதுக்கீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்து இணைந்தபின், 1961இல் மாநிலம் முழுமைக்குமான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973இல் மாநிலத்தின் பெயர் மாறியபோது அதுவும் கர்நாடக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாயிற்று.

அச்சட்டத்தின் உள்ளீடு எளிது. வீடு காலியானால் சொந்தக்காரர் அதனைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். அதிகாரி அதனைத் தகுதியுடைய ஒருவருக்கு ஒதுக்கலாம். நியாய வாடகையை உறுதி செய்யக் கோரி முறையிடலாம். எல்லாவற்றிலும் முதன்மையானது, குடியிருப்போரை நினைத்தவாறு வெளியேற்ற இயலாது என்பதாகும். அறிவிப்புக் கொடுத்தும் இரண்டு மாதத்துக்குள் நிலுவையைச் செலுத்தாமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், அக்கம்பக்கத்தார்க்குத் தொல்லை தருதல், தமக்கென வேறு தகுந்த வீட்டைக் கட்டியோ வாங்கியோ கொள்ளுதல், சொந்தக்காரருக்கே மெய்யாக வீடு தேவைப்படுதல் என எண்ணிச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். சொந்தத் தேவையை மெய்ப்பித்த பின்னரும் வழக்கு முடியாது. வெளியேற்றினால் குடியிருப்போர்க்கு நேரும் துன்பம் பெரிதா, வெளியேற்றாவிடில் சொந்தக்காரருக்கு நேரும் துன்பம் பெரிதா என்று நீதிபதி சீர்தூக்க வேண்டும். துன்பத்தைத் தராசில் நிறுக்கச் சொன்ன சட்டம் அது.

இரவோடு இரவாகச் சட்டி பானையை வெளியே எறிந்த காலத்தை அறிந்தோர்க்கு இச்சட்டம் பெரும் அரண். வேற்றூர்த் தொழிலாளி ஒருவர், தம் பிள்ளையின் பள்ளிப் படிப்பு நடுவில் நின்றுவிடாது என்னும் உறுதியோடு உறங்க வழி செய்தது அதுவே. இந்நன்மையை மறைத்துப் பேசுவது நன்றியன்று.

மறுபக்கமும் உண்டு. விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. கூரை ஒழுகியது, பழுது பார்க்க வாடகை போதவில்லை. வழக்குப் போட்டால் ஆண்டுகள் கடந்தன. சிலர் வீட்டை வாடகைக்கு விடுவதினும் பூட்டி வைப்பதே நன்று என்று கருதினர். பம்பாயில் 1940 செப்டம்பர் 1ஆம் நாள் வாடகையையே அடிப்படையாகக் கொண்ட முறை பல்லாண்டு நீடித்தது. காலத்தோடு பொருந்தாமல் வாடகையை உறைய வைப்பது நியாயமன்று என்று உச்சநீதிமன்றம் 1997இல் கூறும் நிலை வந்தது. சட்டம் முதலில் புகுந்தவரைக் காத்தது. அடுத்து வந்தவர் வீடின்றி அலைந்தார்.

பத்து மாத முன்பணம்

பெங்களூருக்கு வீடு தேடி வரும் தமிழர் முதலில் திகைப்பது வாடகையைக் கேட்டு அன்று; அட்வான்ஸைக் கேட்டு. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தல் இந்நகரில் நெடுநாள் வழக்கம். மாத வாடகை 1,000 ரூபாய் எனில் சாவி வாங்கும் நாளில் 10,000 ரூபாய் வேண்டும். சென்ற ஊரில் மனைவியின் நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் இதற்காகவே.

எந்தச் சட்டமும் இவ்வழக்கத்தை விதிக்கவில்லை. நம்பிக்கையின்மை விதித்தது என்று சொல்வதே பொருந்தும். வீட்டைத் திரும்பப் பெறப் பல்லாண்டு ஆகலாம் என்று அஞ்சிய சொந்தக்காரர், அந்த அச்சத்துக்கு ஈடாக முன்பணம் கேட்டார். உயராத வாடகையின் குறையை அப்பணத்தின் வட்டி சிறிது ஈடுசெய்தது. பம்பாயில் பகடி என்னும் பெயரில் நிகழ்ந்ததற்கு இங்கே இது உறவுமுறை. ஒருவர்க்கு அரணாக எழுந்த சட்டத்தின் சுமையை, அடுத்து வருபவர் முன்பணமாகச் சுமந்தார்.

இதற்கு மூத்த உறவு ஒன்றும் உண்டு. பெரிய தொகையைக் கொடுத்து, மாத வாடகையின்றிச் சில ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது தொகையைத் திரும்பப் பெறும் முறையை இந்நகரில் லீஸ் என்பர். கன்னடத்தார் போக்ய என்பர். நாம் போக்கியம் என்போம். ஒற்றி என்னும் பெயரில் நம் பழங்கல்வெட்டுகளிலேயே காணப்படும் ஏற்பாட்டின் வழித்தோன்றல் அது. சிறுசேமிப்பு உள்ள குடும்பத்துக்கு இது வாடகைச் சுமையைக் குறைக்கும். ஆனால் சொந்தக்காரர் வாங்கிய தொகையைச் செலவழித்துவிட்டால் திருப்பித் தர இயலாது. வீட்டின்மீது வங்கிக் கடன் இருந்து அது ஏலத்துக்கு வந்தால், குடியிருப்போர் தொகையும் இழந்து வீடும் இழப்பர். ஆகவே லீஸுக்குச் செல்வோர் வில்லங்கச் சான்றைப் பார்த்தலும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்தலும் இன்றியமையாதவை.

ஒப்பந்தம் என்றதும் நினைவுக்கு வருவது பதினொரு மாதக் கணக்கு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவு செய்யப்படல் வேண்டும். அச்செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பதினொரு மாதம் என்று எழுதிக்கொண்டனர். பதினோராம் மாதம் முடிந்ததும் புதுத்தாள். ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை ஏற்றம். வெளியேறும்போது சுவர்ப் பூச்சுக்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளுதலும் இந்நகர வழக்கம்.

புதிய சட்டமும் சைட்டுக்காரரும்

1945இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், அதன் இடத்தில் 1976இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் தோன்றி மனைகளை ஒதுக்கின. முப்பதுக்கு நாற்பது சைட்டு என்பது தொழிலாளர் குடும்பத்தின் கனவாயிற்று. வைப்பு நிதியும், கூட்டுறவுச் சங்கக் கடனும், மனைவியின் நகையும் சேர்ந்து கீழ்த்தளம் எழும். ஓய்வு பெறும்போது கிடைத்த தொகையால் மாடி எழும். அம்மாடியின் வாடகையே முதுமைக்கு ஓய்வூதியம். பெங்களூரின் வாடகை வீடுகளை எண்ணுங்கால் பெருஞ்செல்வரை மட்டும் நினைத்தல் பிழை. ஒன்றிரண்டு போர்ஷன்களை நம்பி வாழும் முதியோரே ஒவ்வொரு தெருவிலும் காணப்படுகின்றனர்.

கர்நாடக வாடகைச் சட்டம், 1999 என்னும் புதிய சட்டம் 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றது. கைம்பெண்களும் முதியோரும் தம் வீட்டை விரைந்து பெறத் தனிவழி வகுத்தது. பெருநகர்ப் பகுதிகளில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகள் தன் எல்லைக்குள் வாரா என்றும் விலக்கியது. அன்று 3,500 ரூபாய் நல்ல வீட்டின் வாடகை. இன்று அத்தொகைக்கு ஓரறையும் அரிது. ஆகவே இந்நகரின் பெரும்பாலான வீடுகள் அச்சட்டத்தின் நிழலுக்கு வெளியே, 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்கீழும் இருவர் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின்கீழும் உள்ளன. வேறு உடன்பாடு இல்லையெனில், மாதக் குடித்தனத்தைப் பதினைந்து நாள் அறிவிப்பால் முடிவுறுத்தலாம் என்பது அப்பழஞ்சட்டத்தின் விதி.

இவ்வாறு ஊசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றது. முன்னர்ச் சொந்தக்காரர் அஞ்சினார். இன்று குடியிருப்போர் அஞ்சுகின்றனர். 2021இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த மாதிரிக் குடித்தனச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாநிலங்கள் ஏற்றாலன்றி அது வெறும் மாதிரியே. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சொல்லும் புதுச்சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. சொந்தக்காரர் பக்கத்துச் சுமையையும் சொல்ல வேண்டும். 2008இல் பெங்களூரில் வந்த அலகுப் பரப்புச் சொத்துவரி முறையில், தாம் குடியிருக்கும் பகுதியைப்போல் இருமடங்கு வீதம் வாடகைக்கு விட்ட பகுதிக்கு விதிக்கப்பட்டது. ஒரு மாத வாடகை பெருமளவுக்கு வரிக்கே செல்வதைச் சிறிய சொந்தக்காரர் நன்கறிவர்.

எங்கள் வீட்டுக் கதை

வரலாற்றைப் பிறர் தலையில் வைத்துப் பேசுதல் எளிது. ஆதலின் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்ததையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

என் தந்தையார் 1959இல் வடார்க்காட்டிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து, அல்சூரில் கன்னடத்து அம்மையார் ஒருவரின் வடாரத்தில் ஒரு போர்ஷன் எடுத்தார். மாத வாடகை 22 ரூபாய். அம்மையார் கைம்பெண்; ஒரே மகன். முதல் இரண்டு மாதம் சம்பளம் தாமதமானபோது வாடகையைக் கேட்கவே இல்லை. என் தாயாருக்குக் கன்னடம் கற்றுத் தந்ததும் அவரே. ஒவ்வொரு மாதமும் ரசீது எழுதி, 20 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை ஆதலின் முத்திரைத் தலையும் ஒட்டிக் கொடுத்தார்.

1978இல் வாடகை 40 ரூபாய். அதே தெருவில் புதிதாக வந்தவர் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்குத் திருமணம், வீடு வேண்டும் என்று அம்மையார் கேட்டார். தந்தையார் மறுத்தார். வழக்கு நடந்தது. ஐந்து பிள்ளைகள், அருகில் தொழிற்சாலை, வேறிடமின்மை ஆகியவற்றைக் காட்டித் தம் துன்பமே பெரிது என்று வாதாடினார். அம்மையார் எழுதித் தந்த ரசீதுகளே எங்களுக்குச் சான்றாயின. ஒரு மாதமும் நிலுவை இல்லை என்பதை அவை மெய்ப்பித்தன. 1982இல் தந்தையார் வென்றார். இரண்டாண்டு கழித்து எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த சைட்டில் வீடு கட்டிக் குடிபெயர்ந்தோம்.

சாவியைக் கொடுக்க நானும் உடன் சென்றேன். அம்மையார் காப்பி கொடுத்தார். முன்பணத்தை எண்ணி வைத்தார். மகன் திருமணமாகி மாமனார் வீட்டோடு போய்விட்டான், இரண்டு வருடம் முன்னால் கொடுத்திருக்கலாமே என்று கன்னடத்தில் ஒருமுறை சொன்னார், அவ்வளவே. தந்தையார் விடையிறுக்கவில்லை. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது என்று வழியில் நான் சொன்னேன். ரசீதும் அவர் கொடுத்ததுதானே என்றார் தந்தையார்.

இன்று எங்கள் மாடியில் இரண்டு போர்ஷன்கள். குடியிருப்போர் வேறு மாநிலத்து இளைஞர்கள். அவர்களிடம் குழாய், மோட்டார், சப்மீட்டர், வாகனம் நிறுத்துமிடம் பற்றி நான் எரிச்சலோடு பேசத் தொடங்கும்போதெல்லாம் அந்தக் காப்பித் தம்ளர் என் நினைவுக்கு வருகிறது.

நாம் செய்யத்தக்கன

1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்ட நாட்களை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. அந்நாட்களில் வீடு என்பதன் பொருள் முழுமையாக விளங்கிற்று. கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும், கதவின் மறுபுறத்தில் அண்டை வீட்டார் என்ன நினைக்கிறார் என்பதே உயிர்க்கேள்வி. பல்லாண்டு ஒரே முற்றத்தில் தண்ணீர் பிடித்த பழக்கம் அத்தகைய நாளில் பெருந்துணை.

அதனை அறிந்த நாம், இன்று வீடு கேட்டு வருவோரை எவ்வாறு நடத்துகிறோம்? எந்த மொழி, எந்தச் சாதி, எந்தச் சமயம், என்ன உணவு, மணமாயிற்றா என்று வாசலிலேயே நிறுத்தி வினவும் சொந்தக்காரருள் தமிழரும் உளர். தமக்கு நேர்ந்தபோது அவமதிப்பு என்றோம்; தாம் செய்யும்போது முன்னெச்சரிக்கை என்கிறோம்.

மாதரியாக எவரும் இருத்தல் வேண்டும் என்று கேட்பது மிகை. சிறிய செயல்கள் போதும். ஒப்பந்தத்தை இருவரும் படித்து அறியக்கூடிய மொழியில் எழுதுதல். முன்பணத்தைத் தேவைக்கு மேல் கேளாமை. வாங்கிய முன்பணத்தைத் தனியே வைத்து, சாவி திரும்பும் நாளிலேயே கொடுத்தல். வாடகைக்கு ஒழுங்காக ரசீது தருதல். ஒழுகும் கூரையை மழைக்கு முன் பழுது பார்த்தல். அனுமதியின்றி அவர் அறைக்குள் நுழையாமை. குடியிருப்போர்க்கும் கடமை உண்டு. குறித்த நாளில் வாடகை தருதல், வீட்டைத் தம்முடையதுபோல் பேணுதல், சொந்தக்காரருக்கு மெய்யாகத் தேவை வந்தபோது சட்டத்தின் இடுக்கில் ஒளியாமை ஆகியவை அவை.

ஐம்பது ஆண்டு ஒரு முனையிலும் இருபது ஆண்டு மறுமுனையிலும் நின்ற சட்டம் நமக்கு உணர்த்துவது ஒன்றே. ஒருவரை மட்டும் காக்கும் அரண் மற்றொருவரின் சுமையாக மாறுகிறது. அச்சுமை முடிவில் அடுத்து வீடு தேடி வருபவரின் தலையில் இறங்குகிறது. அவர் நேற்றைய நாம்.

துச்சிலில் இருந்து புக்கிலுக்கு வந்தவர்கள் நாம். நம் மாடிப்படியில் பெட்டியோடு ஏறிவரும் இளைஞனுக்குச் சாவியைக் கொடுக்கும்போது, என்றோ நம் தந்தைக்கு எவரோ ஒருவர் கொடுத்த சாவியையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்று எண்ணுவோமாக.